இடது பக்கம் போன அம்புகள்

மரியகுழந்தை துப்பறியும் நிலையத்துக்கு வருகிற கேஸ்களில் பாதி, மாப்பிள்ளை நிஜமாகவே பெங்களூரில் வேலை பார்க்கிறாரா என்று கண்டுபிடிப்பது. மீதிப் பாதி, பார்க்கிறார் என்று தெரிந்தபின் சாயங்காலம் எங்கே போகிறார் என்று கண்டுபிடிப்பது. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், ராபர்ட்சன்பேட்டை ஆபீஸின் மாடிப்படியேறி ஒரு பெண் தோளில் மூங்கில் வில்லோடு வந்து நின்றபோது, உதவியாளன் உதய் முதல் காரியமாக பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"எந்த மாப்பிள்ள கேஸும்மா நீ? இன்னாவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. கயல்விழி என்று பெயர் சொன்னாள். விடியற்கால ரயிலில் பெங்களூர் போய், ஒரு கிடங்கில் பார்சல் கட்டிவிட்டு, இருட்டியபின் திரும்புகிறவள். இன்றைக்கு லீவு சொல்லாமலே நின்றுவிட்டாளாம்.

நிலையத்தை நடத்துகிற மரியகுழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த அம்மாளின் தாத்தாவும் அப்பாவும் தங்கச் சுரங்க வாசலில், ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற கூண்டு லிப்டில் மேலே வருகிறவர்களைச் சோதனை போட்டவர்கள். வாயைத் திற, செருப்பைக் கழற்று, டிபன் பாக்ஸைத் தட்டு. சுரங்கம் மூடினாலும் அந்தப் பார்வை மட்டும் குடும்பத்தில் ரிட்டயர் ஆகவில்லை. யார் வந்தாலும் மறைத்து வைத்திருப்பது எங்கே என்றுதான் முதலில் தேடும்.

"நீ ஒண்ணும் ஒளிக்கல. உக்காரு. சொல்லு," என்றாள்.

கயல்விழி சொன்னாள். சுரங்கப் பகுதியான கோரமண்டலில் ஒரு வில்வித்தை கிளப். ஞாயிற்றுக்கிழமை அங்கே மூங்கில் வில் பிரிவுக்கு மாவட்டத் தேர்வு. இருப்பது ஒரே இடம். போட்டி போட்டவர்கள் இரண்டு பேர், இவளும் ஸ்வீட்டியும். தேர்வானால் மாநிலப் போட்டி, அந்தச் சான்றிதழைக் காட்டினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை. அந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு வயது வரம்பு இருக்கிறது. இந்த வருஷத்தை விட்டால் கயலுக்கு அது தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் பார்சல்தான்.

"நான் மொதல்ல விட்டேன். நல்ல ஸ்கோர். அன்னிக்கி மத்தியான ஷிப்ட்டு, நேரமாச்சுன்னு ரயிலுக்கு ஓடிட்டேன். அப்புறம் ஸ்வீட்டி விட்டாளாம், எல்லாம் தப்பாப் போச்சாம். நேத்து செக்ரட்டரி மனோகர் அங்கிள் போன் பண்ணி, ஸ்வீட்டி அம்பு முனைய நான் மாத்தி வெச்சிட்டேன்னு சொல்றாரு. ஆறு கிராம் முனைய எடுத்துட்டு ஒம்போது கிராம் முனை வெச்சிட்டேனாம். இன்னிக்கி சாயந்தரம் அஞ்சு மணிக்கு கோலாருக்கு லிஸ்ட் அனுப்பறாரு ஆன்ட்டி. என் பேர அடிச்சிட்டு ஸ்வீட்டி பேரப் போடப் போறாரு."

"ஸ்வீட்டி அம்புக்கு முனை யாரு வெக்கிறது?"

"நான்தான். எப்பவும் நான்தான் அரக்க உருக்கி ஒட்டிக் குடுப்பேன். அவளுக்கு அது வராது."

"கிளப் சாவி?"

"சனிக்கிழமை எங்கிட்டதான் இருந்துச்சு. என் அம்பு வேலைய முடிக்கறதுக்கு வாங்கினேன்."

"அப்ப நீ ஒண்ணும் பாக்கி வெக்கல. போலீஸ்காரனுக்கே வேல வெக்காத கேஸு இது," என்றான் உதய்.

"இந்த ஸ்வீட்டி இன்னா சொல்றா?" என்று கேட்டாள் மரியகுழந்தை.

அதுவரை நேராகப் பார்த்துப் பேசிய பெண் அங்கேதான் வில்லின் நாணைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லல. போன எடுக்க மாட்டேங்கறா. நாங்க ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்ச், ஆன்ட்டி."

"செக்ரட்டரிக்கு அவ யாரு?"

"பொண்ணு."

உதய் பீரோவை விட்டு வெளியே வந்தான். "அட! இத மொதல்லயே சொல்ல வேணாமா? ஸ்கூட்டி சாவி எங்கக்கா?"

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுரங்கக் காலத்துத் தகரக் கொட்டகை, எதிரே புல் காய்ந்த மைதானம், மைதானத்தின் கடைசியில் வைக்கோலை இறுக்கிக் கட்டிய இலக்குப் பலகை. அதற்குப் பின்னால் சயனைடு டம்ப் என்கிற சுரங்கக் கழிவு மண், சாம்பல் நிறத்தில் குன்றாகக் குவிந்து கிடந்தது. தப்பிப் போகிற அம்பைத் தாங்கிக்கொள்ள சுவர் கட்ட வேண்டிய செலவு கிளப்புக்கு மிச்சம்.

கயல்விழியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். மனோகர் இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்தவர் போல மேஜைக்குப் பின்னால் இருந்தார். மேஜைமேல் பச்சை இறகு வைத்த ஐந்து அம்புகள், நகைக்கடைத் தராசு ஒன்று, கழற்றி வைத்த முனை ஒன்று. அவர் அந்த முனையைத் தராசில் வைத்தார். ஒன்பது கிராம் காட்டியது.

"என் பொண்ணுன்னு நான் பாக்கல மேடம். யாரு பொண்ணா இருந்தாலும் இதேதான் செஞ்சிருப்பேன்," என்றார்.

"லிஸ்ட்ல வேற யாரு பொண்ணாவது இருக்குதா சார்?" என்று கேட்டான் உதய்.

"கயல்விழி இருக்குது."

"அவங்க அப்பா செக்ரட்டரி இல்லியே."

மனோகர் எழுந்து ஜன்னல் வழியாக இலக்குப் பலகையைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைத் தாள் இன்னும் அதிலேயே இருந்தது. அதன் இடது ஓரத்தில், ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம் போல ஐந்து ஓட்டைகள்.

"பாத்தீங்களா? அத்தனையும் இடது பக்கம். முனைல கனம் ஏறுனா அம்பு அப்படித்தான் இடது பக்கமா வாங்கும். நான் அந்தக் காலத்துல இந்தக் கிளப்போட சாம்பியன். என் அம்ப நானே சரி பண்ணிப் பண்ணிப் பழகினவன். எனக்குத் தெரியாததா?"

"அம்பு அஞ்சுதான் இருக்குது. விட்டது?"

"ஆறு. கடைசி அம்பு இடது பக்கமா பலகையையே தாண்டி டம்ப்ல பூந்துடுச்சு. அதப் போயி எங்க தேடறது?"

உதய்க்கு இதற்குள் சுவரில் மாட்டியிருந்த போட்டோமேல் கண் போயிருந்தது. மீசை வைத்த இளவயது மனோகர், நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்த போட்டோவ திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்துட்டாங்க போலக்கா," என்று மெதுவாகச் சொன்னான்.

"பனியன்ல எழுதினது நேராத்தான் இருக்குது. சும்மா வா," என்றாள் மரியகுழந்தை.

வெளியே கொட்டகையின் ஓரத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து வில்லின் நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அவள்தான் ஸ்வீட்டி. ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று மரியகுழந்தை கேட்டதற்கு, தலையை நிமிர்த்தாமல், "எனக்கு ஒண்ணும் தெரியாது ஆன்ட்டி," என்றாள். அந்தப் பக்கம் நின்ற கயல்விழியின் பக்கமாக மட்டும் அவள் திரும்பவே இல்லை.

"பாவம், தோழி துரோகம் பண்ணிட்டான்னு வருத்தம்," என்றான் உதய்.

"துரோகம் பண்ணவள ஜனங்க மொறைப்பாங்கடா. பாக்காம இருக்க மாட்டாங்க," என்றாள் மரியகுழந்தை. "சரி, வா. எனக்கு அந்த ஆறாவது அம்பு வேணும்."

சயனைடு டம்ப்பில் அம்பு தேடுவதற்கு உதய் காட்டிய உற்சாகத்தை, பல் பிடுங்கப் போகிறவன் காட்டுவான். கல்லை அரைத்துத் தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணை, வருஷக்கணக்கில் பெய்த மழை ஓடை ஓடையாக அறுத்துப் போட்டிருந்தது. அவன் குனிந்து தேட ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"எவ்ளோ கெடச்சுது?"

"அம்பு தேடறோம்ணா."

"எங்கிட்டயே சொல்லு," என்று சிரித்துவிட்டு, அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இந்த ஊரில் டம்ப்மேல் ஒருவன் குனிந்தால் தங்கத்துக்காகத்தான் குனிவான் என்பது எல்லோருக்கும் தெரியும். உதய் நிமிர்ந்தபோது அவனைச் சுற்றி நான்கு பேர் குனிந்திருந்தார்கள்.

மரியகுழந்தை குனியவேயில்லை. கொட்டகை நிழலில் நின்றபடி கயல்விழியைக் கூப்பிட்டாள். "ஏம்மா, பலகையோட எடது ஓரத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி உன்னால ஒரு அம்பு விட முடியுமா?"

"முடியும். எதுக்கு ஆன்ட்டி?"

"தொலஞ்ச அம்பு எந்த வழியா போச்சோ அதே வழியா இன்னொன்ன அனுப்புவோம். அது போயி எங்க நிக்குதுன்னு பாப்போம். ஏய் உதய்! உன் பார்ட்னருங்கள இட்டுகினு நவுரு!"

கயல்விழி இடது கையில் வில்லைப் பிடித்து, வலது கையால் நாணை இழுத்து விட்டாள். அம்பு பலகையை உரசினாற்போல் தாண்டிப் போய் ஒரு ஓடைக்குள் மறைந்தது. உதய் ஓடிப் போய்ப் பார்த்தான். கயல்விழியின் அம்பு மண்ணில் செருகி நின்றது. அதிலிருந்து எட்டிக் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பச்சை இறகு மட்டும் வெளியே தெரிய இன்னொன்று.

"இதத்தானா தேடினீங்க?" என்றார் சைக்கிள்காரர், ஏமாந்துபோய்.

"நான் மொதல்லயே சொன்னேன்ணா."

"நெஜத்த சொன்னா யாருபா நம்புவாங்க," என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வருகிற வழியில் உதய் அந்தக் கேள்வியைக் கேட்டான். மூன்று கிராம் என்பது நாலு புளியங்கொட்டை எடை கூடப் பெறுமோ பெறாதோ, அதற்கா இவ்வளவு ரகளை என்று.

"மூணு கிராம் ரொம்பண்ணா," என்றாள் கயல்விழி. "நாணு பின்னாலேர்ந்து தள்ளும்போது அம்பு கொஞ்சம் வளையும். முனை கனமா இருந்தா முன்பக்கம் சீக்கிரம் நவுராது. அதனால நடுவுல ஜாஸ்தி வளைஞ்சு, ரைட் பக்கமா போயிடும். முனை லேசா இருந்தா வளையாம வெறைப்பா லெப்ட் பக்கமா போகும். நடுவாப் போற மாதிரி எடை பாத்து வெக்கணும். அதுக்கே எனக்கு ஒரு சீசன் ஆச்சு."

"தலைக்கனம் ஏறுனா வழி தப்புவேன்னு எங்க வாத்தியார் சொன்னது இதுதானா? இன்னும் கொஞ்சம் வெளக்கமா சொல்லியிருக்கலாம்." சொல்லி முடித்துவிட்டு உதய் நின்றான். "இரு இரு. கனமா இருந்தா எந்தப் பக்கம்?"

"ரைட்டு."

"ஸ்வீட்டி அம்பெல்லாம் லெப்ட்லதான் இருக்குது."

இப்போது கயல்விழியும் நின்றுவிட்டாள். "எல்லாமே லெப்ட்டா? தொலஞ்ச ஒண்ணு மட்டும்தான் அப்படின்னு நெனச்சேன். எங்கிட்ட தப்பாப் போச்சுன்னுதான் சொன்னாங்க. ஒம்போது கிராம் முனைய வெச்சுகினு அவ லெப்ட்ல விடவே முடியாதே!"

"முடியாதில்ல?" என்றாள் மரியகுழந்தை. "வாங்க, செக்ரட்டரிகிட்டயே கேப்போம்."

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் உள்ளே நுழைந்தபோது, மனோகர் கோலாருக்கு அனுப்ப வேண்டிய பெயரைப் போனில் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்வீட்டி சுவரோரமாக நின்றாள். மரியகுழந்தை ஆறாவது அம்பை மேஜைமேல் வைத்தாள். கயல்விழி மெழுகுவத்தியைக் கொளுத்தி முனையைச் சூடு காட்டினாள். அரக்கு இளகி முனை கழன்றது. அதை ஊதி ஆறவைத்துத் தராசில் போட்டார்கள்.

ஆறு கிராம்.

"ஆறு அம்புல இந்த ஒண்ணு மட்டும் டம்ப்ல இருந்துச்சு. யார் கைக்கும் கெடைக்கல. இதுல முனை மாறல," என்றாள் மரியகுழந்தை. "கெடைச்ச அஞ்சுலயும் மாறியிருக்குது. அப்ப முனைய மாத்தினது எப்போ சார்? போட்டிக்கு முன்னாலயா, அப்புறமா?"

"அவ... அவ ஒண்ண மட்டும் மாத்த மறந்திருப்பா."

"சரி, மறந்துட்டான்னே வெச்சுக்குவோம். நீங்க எந்தக் கையில வில்லு பிடிப்பீங்க?"

மனோகர் தன்னையறியாமல் போட்டோவைப் பார்த்தார். "வலது கையில. இழுக்கறது இடது கை."

கயல்விழி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ ஆன்ட்டி! நானும் ஸ்வீட்டியும் வலது கை. எடது கைக்காரங்களுக்கு எல்லாமே தலைகீழ்! அவங்களுக்குத்தான் கனம் ஏறுனா லெப்ட்ல போகும்!"

"அதேதான். சார் ஆயுசுல சரி பண்ணினது ஒரே ஒரு ஆளோட அம்பு. அவரோடது. ஞாயித்துக்கிழமை பொண்ணு அம்பெல்லாம் எடது பக்கம் போறத பாத்தாரு. அம்பு எடது பக்கம் போனா அவருக்குத் தெரிஞ்ச காரணம் ஒண்ணே ஒண்ணு. தன்னோட பழைய முனைங்கள எடுத்து ஒட்டிட்டு, தராசக் கொண்டாந்து வெச்சாரு. உங்க கைக்கு அது சரியான பொய் சார். உங்க பொண்ணு கைக்குத் தப்பான பொய்."

உதய் போட்டோவையும் மனோகரையும் மாறி மாறிப் பார்த்தான். 

மனோகர் மெல்லச் சட்டைப் பையில் கைவிட்டு ஐந்து முனைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.  ஆனால் அடுத்த நிமிஷமே முகம் சிவந்து எழுந்தார்.

"ஆமா, நான்தான் மாத்தினேன். போதுமா? ஆனா நீங்க ஒண்ணு சொல்லுங்க மேடம். முனை சரியா இருந்துச்சுல்ல? அப்ப எம்பொண்ணு அம்பு எப்படித் தப்புச்சு? அவ விட்டா தப்பாது! அம்புல என்னமோ பண்ணியிருக்கா இந்தப் பொண்ணு. என்னன்னு தெரியல, அதனாலதான் நானே ஒரு காரணத்த வெச்சேன்!"

"அந்த அஞ்சு ஓட்டையப் பாத்தீங்கல்ல? ஒரு உள்ளங்கைக்குள்ள இருக்குது," என்றாள் மரியகுழந்தை. "பதட்டப்பட்டவ விட்டா அம்பு நாலா பக்கமும் போகும். எனக்கு வில்லப் பத்தி ஒரு எழவும் தெரியாது. ஆனா இவ்ளோ ஒழுங்கா தப்பு பண்ண, நல்லா விடத் தெரிஞ்சவளாலதான் முடியும். அவ எடது ஓரத்தக் குறி பாத்தா சார். குறி பாத்த எடத்துல அடிச்சா."

எல்லோரும் ஸ்வீட்டியைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. கயலைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தை, "மன்னிச்சுடுடி," என்பதுதான்.

"எனக்கு நீ விட்டுக் குடுத்தியா?" கயலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிச்சையா போட்ட?"

"இல்லடி! நீ விட்டத நான் பாத்தேன். நான் செத்துப் பொழச்சாலும் அந்த ஸ்கோர் எனக்கு வராது. நேரா விட்டிருந்தாலும் தோத்திருப்பேன்." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "எனக்கு முடிஞ்ச மட்டும் விட்டு, அப்படியும் தோத்துட்டு, உங்க முகத்தப் பாக்கறதுக்கு எனக்குத் தைரியம் இல்லப்பா. வேணும்னே தோத்துட்டா, நான் தோக்கலன்னு மனசுக்குள்ள சொல்லிக்கலாம். நீங்க முனைய மாத்துவீங்கன்னு நான் கனவா கண்டேன்? அப்புறம் வாயத் தொறந்தா எல்லாத்தயும் சொல்லணும். ரெண்டு நாளா சோறு எறங்கல."

மனோகர் உட்கார்ந்துவிட்டார். சாம்பியனாக நின்ற மனிதர் போட்டோவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அங்கிள்," என்றாள் கயல்விழி.  "என் பேர இப்பவே அனுப்புங்க. நாளைக்கி செக்ரட்டரி பதவிய விட்டுடுங்க. போலீஸு கீலீஸுன்னு நான் போகல. அது உங்களுக்காக இல்ல."

அவர் தட்டியிருந்ததை அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினார். அனுப்பியாகிவிட்டது என்று உதய் போனை எட்டிப் பார்த்து ஊர்ஜிதம் செய்துகொண்டான்.

கேஸ் அத்துடன் முடிந்தது. மரியகுழந்தை செருப்பைக்கூட மாட்டிக்கொண்டாள். ஆனால் கயல்விழி போகவில்லை. மெழுகுவத்தியை மறுபடி கொளுத்தினாள். மேஜையிலிருந்த அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்பது கிராம் முனையைக் கழற்றி, அரக்கைச் சூடுகாட்டி, ஆறு கிராம் முனையை வைத்துச் சுழற்றி ஒட்டினாள். ஆறாவதையும் ஒட்டி முடித்துவிட்டு, அம்புகளைக் கொத்தாக ஸ்வீட்டியின் கையில் திணித்தாள்.

"வா. ஒரு ரவுண்டு. லிஸ்ட்டுக்கு இல்ல. எனக்குத் தெரியணும்."

"வேணாம்டி."

"நேரா விடு. எடது ஓரத்தப் பாத்தே, கொன்னுடுவேன்."

இருவரும் மைதானத்துக்கு நடந்தார்கள். புதுத் தாள் ஒட்டினார்கள். மனோகர் பின்னாலேயே வந்து, வழக்கமாக நிற்கிற இடத்தில், மகளின் தோளுக்குப் பின்னால் நின்றார். தோளை இறக்கு, மூச்சைப் பிடி என்று ஒவ்வொரு அம்புக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். திறக்கப் போனது. மரியகுழந்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள், சுரங்க வாசலில் அவள் அப்பா பார்க்கிற பார்வை. வாய் மூடிக்கொண்டது.

கயல்விழி விட்டாள். ஸ்வீட்டி விட்டாள். மாற்றி மாற்றி விட்டார்கள். ஸ்வீட்டியின் அம்புகள் மஞ்சள் நடுவைச் சுற்றியே விழுந்தன, ஒன்றுகூட இடது ஓரம் போகவில்லை. உதய் இரண்டு பேருக்கும் விசில் அடித்தான். கடைசி அம்பை ஸ்வீட்டி நெடுநேரம் இழுத்துப் பிடித்திருந்து விட்டாள். அது மஞ்சளை விட்டு அரை விரல் தள்ளி, சிவப்பில் குத்தி நின்றது.

இரண்டு புள்ளியில் தோற்றுப் போனாள். வேண்டுமென்று தோற்கவில்லை. முடிந்தமட்டும் விட்டுத்தான் தோற்றாள். வில்லை இறக்கினாள், ஆனால் திரும்பவில்லை. பின்னால் நிற்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மனோகர் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.  மகளின் கையிலிருந்த வில்லை வாங்கிக்கொண்டார்.

"நல்லாத் தோத்தம்மா," என்றார்.

ஸ்வீட்டி அப்போதுதான் அழுதாள்.